சேணம் கட்டும்போது திரும்பிக் கடிக்கிற குதிரை

கேள்வி: நிலாவெளிக் கடற்கரையில் குதிரைச் சவாரி நடத்துகிறேன். இரண்டு குதிரைகள். ஒன்று வயதான பெட்டை, சாது. மற்றது நாலு வயது ஆண், நலமடிக்காதது, ஆறு மாதத்துக்கு முதல் நுவரெலியாவில் வாங்கியது. வந்த புதிதில் சட்டைக் கையைச் சப்பும். விளையாட்டு என்று விட்டுவிட்டேன். இப்போது சேணத்தின் வாரை இழுத்தால் திரும்பிக் கடிக்கிறது. சாப்பாட்டு வாளியோடு போனால் காதை மடித்துக்கொண்டு பாய்கிறது. போன கிழமை முன்கையைப் பிடித்துவிட்டது. மூக்கில் அடி என்கிறார் ஒருவர், நீயும் திருப்பிக் கடி என்கிறார் இன்னொருவர், அவித்த கிழங்கைச் சுடச்சுட வாயில் வை என்கிறார் மற்றொருவர். காலையில் கொஞ்சம் கினிப்புல்லும் இரண்டு கிலோ தவிடும் வைப்பேன்; ஏழரைக்குக் கடற்கரைக்குப் போனால் ஒரு மணிக்குத்தான் திரும்புவோம். பின்னேரமும் அதே சாப்பாடு. பேசாமல் விற்றுவிடலாமா?

பதில்:

முதலில் உங்கள் கையைப் பார்ப்போம், தம்பி. குதிரைக்கு முன்பற்கள் மேலே ஆறு, கீழே ஆறு. நாயின் பல் குத்தும். குதிரையின் பல் நசுக்கும். தோல் கிழியாமல் நீலம் பாய்ந்திருந்தாலும் உள்ளே தசை நசுங்கியிருக்கலாம். விரல் மரத்துப்போகிறது, வீக்கம் கூடுகிறது என்றால் பொறுத்திருக்க வேண்டாம். தோல் கிழிந்தால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுவதுதான் முதல் வேலை. கோப்பித்தூளும் மஞ்சளும் அப்பக் கூடாது. தோல் கிழிந்திருந்து நீங்கள் இன்னும் வைத்தியரிடம் காட்டவில்லை என்றால் இன்றைக்கே திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போங்கள். குதிரைச் சாணத்திலும் லாயத்து மண்ணிலும் ஏற்புநோய்க் கிருமி இருக்கும். ஏற்பு ஊசி எப்போது போட்டீர்கள் என்று கேட்பார்கள். விசர்நாய்க்கடி நோய் குதிரைக்கும் வரக்கூடியது, ஆகவே அந்த ஊசி வேண்டுமா இல்லையா என்பதையும் வைத்தியரே முடிவுசெய்யட்டும். உங்கள் குதிரையின் குணம் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல மாறியிருக்கிறது. விசர் அப்படி வருவதில்லை. ஓரிரு நாளில் குணம் தலைகீழாகி, எச்சில் வடிந்து, விழுங்க முடியாமல், பின்னங்கால் தள்ளாடினால் மட்டும் அதன் வாய்க்குள் கைவிடாமல் தனியே அடைத்துவிட்டு அரச கால்நடை வைத்தியரை அழையுங்கள்.

உங்கள் கடிதத்தில் இருப்பது ஒரு கடி என்று நினைக்கிறீர்கள். எனக்கு மூன்று தெரிகிறது. சட்டைக் கையைப் பிடிப்பது பழக்கம். வாரை இழுக்கும்போது திரும்புவது, என் கணிப்பில், வலி. வாளிக்குப் பாய்வது பசி. மூன்றுக்கும் ஒரே மருந்து கொடுத்தால் ஒன்றுகூட நிற்காது. நோவுள்ள குதிரையைப் பழக்கித் திருத்த முடியாது, பசித்த குதிரையை அடக்கவும் முடியாது. அதனால் வலியில் தொடங்குவோம்.

சேணம் போடாமல், கொட்டிலில், ஒருவர் தலைக்கயிற்றைத் தளர்வாகப் பிடித்திருக்க, உள்ளங்கையைத் தட்டையாக வைத்துக் கழுத்திலிருந்து முதுகு வழியாக முன்னங்காலின் மேல்மூட்டுக்குப் பின்னால் இறங்கி வயிற்றடி வரை தடவுங்கள். பிறகு அதே வழியில் விரல் நுனியால் மெல்ல அழுத்திப் பாருங்கள். முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். வெறும் கை படும்போதே முகம் மாறினால் அது பிடிவாதம் இல்லை, அந்த இடம் நோகிறது. முகத்தை எங்கே பார்ப்பது? காது மடிவதை எல்லாரும் கவனிப்பார்கள். அதற்கு முன்னாலேயே மூக்குத் துவாரத்துக்குப் பின்புறம் சின்னதாக ஒரு மடிப்பு விழும், வாயின் ஓரம் இறுகி உதடு நீளக் கோடாகும், கண்ணுக்கு மேலே தோல் மேடுபடும். வால் ஒருமுறை வெட்டும். இவ்வளவும் நடந்த பிறகுதான் பல் வரும். சும்மா சப்பிப் பார்க்கிற குதிரையின் உதடு தொளதொளவென்று இருக்கும், காது முன்னால் நிற்கும். இந்த இரண்டு முகத்தையும் பிரித்தறியப் பழகினால் உங்கள் கை பாதி தப்பிவிடும்.

கடற்கரையில் வேலைசெய்கிற குதிரைக்கு வயிற்று வாருக்கடியில் புண் வருவது மிகச் சாதாரணம். வியர்வையில் ஒட்டிய மணலும் காய்ந்த உப்பும் வாருக்குக் கீழே உராய்ந்துகொண்டே இருக்கும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் இது இன்னும் மோசம். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரால் அந்த இடத்தைக் கழுவிக் காயவிடுங்கள். வாரையும் சேணத்துக்கு அடியில் விரிக்கும் துணியையும் தினமும் அலசுங்கள். சேணத்தைக் கவிழ்த்துப் பஞ்சு கட்டிபட்டிருக்கிறதா, தையல் துருத்திக்கொண்டிருக்கிறதா என்று கையால் தடவுங்கள். சவாரி முடிந்து சேணத்தைத் தூக்கியவுடன் முதுகைப் பாருங்கள்: சுற்றிலும் நனைந்திருக்க நடுவில் ஓரிடம் மட்டும் காய்ந்திருந்தால் பாரம் முழுக்க அங்கேதான் அழுத்துகிறது. வெள்ளை மயிர்த் திட்டுகள் முளைத்திருந்தால் அது பழைய அழுத்தக் காயத்தின் தழும்பு. ஆள் ஏறியிருக்கும்போது பிடரி முடி முடிகிற எலும்பு மேட்டுக்கும் சேணத்துக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும்.

இனி, உங்கள் வருமானத்தில் கை வைக்கிற விஷயம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு குதிரை தன் எடையில் 20 வீதத்துக்குமேல் சுமக்கக் கூடாது. அதில் சேணத்தின் எடையும் அடக்கம். எடையை அளவுநாடாவால் கணிக்கலாம். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சின் சுற்றளவு, தோள்முனையிலிருந்து பின்புறம் வரை நீளம், இரண்டையும் சென்ரிமீற்றரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,877 ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். சுற்றளவு 146, நீளம் 140 என்றால் ஏறத்தாழ 250 கிலோ. நுவரெலியாவில் சவாரிக்கு நிற்கிற மட்டக்குதிரைகள் பல இந்த அளவில்தான் இருக்கும். அப்படியானால் உங்கள் குதிரை சுமக்கக்கூடியது 50 கிலோ. எண்பது கிலோ வெளிநாட்டுக்காரரை ஏற்றினால் அது அடுத்த நாள் வாரைக் கண்டதும் கடிக்கும்; கடிக்காவிட்டால்தான் அதிசயம். நாலு வயதில் முதுகெலும்பின் வளர்ச்சியும் முடிந்திருக்காது, அது ஐந்து வயதையும் தாண்டிப் போகும். இதன்மேல் பிள்ளைகளை மட்டும் ஏற்றுங்கள், அதுவும் கடி நின்ற பிறகு.

வாயையும் பார்க்க வேண்டும். இரண்டரை வயதிலிருந்து நாலரை வயது வரை பாற்பல் விழுந்து புதுப்பல் முளைக்கிற காலம். பாதி கழன்ற பல்லும், கடைவாய்க்கு முன்னால் முளைக்கிற சின்னஞ்சிறு ஓநாய்ப்பல்லும் கடிவாளம் படும்போது நோகும். உள்ளே பார்ப்பது வைத்தியர் வேலை, நீங்கள் கைவிட வேண்டாம். மென்ற புல் உருண்டையாக வாயிலிருந்து விழுகிறதா, தலையைச் சரித்து மெல்லுகிறதா என்று கவனித்து அவரிடம் சொல்லுங்கள்.

வலிக்கு மூன்றாவது இடம் இரைப்பை. இங்கேதான் உங்கள் சாப்பாட்டு நேரமும் சேர்ந்துகொள்கிறது. குதிரையின் இரைப்பையில் அமிலம் இரவும் பகலும் ஊறிக்கொண்டே இருக்கும், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். புல்லை மென்றால்தான் எச்சில் ஊறும். அந்த எச்சில்தான் அமிலத்தைத் தணிக்கும். ஏழரையிலிருந்து ஒரு மணிவரை வெறும் வயிற்றோடு வெயிலில் நடந்தால் அமிலம் இரைப்பையின் மேற்பாதிச் சுவரில் தெறித்துப் புண்ணாக்கும். அந்தப் புண்ணின் பொதுவான அடையாளங்களில் ஒன்று, வாரை இறுக்கும்போது கடிப்பது. பல்லை நறநறப்பது, தவிட்டைப் பாதியில் விடுவது, மயிர் மினுக்கம் போவது மற்றவை. இதை நேரில் பார்க்க 3 மீற்றர் நீளக் கமரா வேண்டும். அது கிடைக்காத இடத்தில் மருந்து கொடுத்துக் குணம் மாறுகிறதா என்று வைத்தியர்கள் பார்ப்பார்கள். மருந்து ஒமெப்ரசோல். மனிதருக்கான வில்லைகளை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். குதிரைக்கு அளவும் வேறு, பக்குவமும் வேறு.

சாப்பாட்டு நேரத்தை மாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது, மருந்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 250 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு உலர்ந்த கணக்கில் 5 கிலோ நார்த்தீவனம் வேண்டும். பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்குமேல் தண்ணீர், ஆகவே பச்சையாக வெட்டினால் 20 முதல் 25 கிலோ. கண்மதிப்பில் போடாமல் ஒருநாள் தராசில் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலும் பாதிகூட இருக்காது. அதை நாலைந்து வேளையாகப் பிரியுங்கள். சேணம் கட்டுவதற்கு அரை மணிக்கு முதல் ஒன்று இரண்டு கிலோ புல் கட்டாயம் உள்ளே போக வேண்டும். கடற்கரையிலும் நிழலில் ஒரு வலைப்பையில் புல் தொங்கட்டும். அதற்குப் பழைய மீன்வலையை எடுத்துவிடாதீர்கள்: மெல்லிய நைலோன் பல்லிடையில் அறுந்து குடலுக்குள் போகும், குளம்பிலும் சிக்கும். தடித்த கயிற்றில் நாலைந்து சென்ரிமீற்றர் கண்ணாகப் பின்னி, குதிரையின் முகம் உயரத்தில், முன்காலைத் தூக்கினாலும் எட்டாதபடி கட்டுங்கள். புல் தீர்ந்தால் வலை தொய்யும் என்பதையும் கணக்கில் எடுங்கள். மணலில் புல்லைப் போடுவது கூடவே கூடாது, மணல் குடலில் தங்கி வயிற்றுவலி தரும். சந்தேகமென்றால் ஆறு சாண உருண்டைகளைத் தெளிவான பொலித்தீன் பையில் தண்ணீரோடு கரைத்துத் தொங்கவிடுங்கள். அடியில் மணல் படிந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

தவிடு நாளைக்கு நாலு கிலோ மிக அதிகம். நெல் தவிட்டில் பொஸ்பரஸ் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் இருக்கும், கல்சியம் ஏறத்தாழ இல்லை. நாலு கிலோவில் 60 கிராம் பொஸ்பரஸ் போகிறது. இந்த உடம்புக்கு ஏழெட்டுக் கிராம் போதும். கினிப்புல்லில் இருக்கிற ஒக்ஸலேற் வேறு, கிடைக்கிற கொஞ்சக் கல்சியத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தால் உடம்பு எலும்பிலிருந்து கல்சியத்தைக் கரைத்து எடுக்கத் தொடங்கும்: முகத்தெலும்பு இரண்டு பக்கமும் உப்பும், மெல்லும்போது நோகும், கால் மாறி மாறி நொண்டும். இப்படியான குதிரையும் தொட்டால் கடிக்கும். தவிட்டை ஒரேயடியாக நிறுத்தாமல் 10 முதல் 14 நாளில் அரைக் கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். எவ்வளவு சுண்ணாம்புக்கல் மா சேர்ப்பது என்று வைத்தியர் கணக்குப் பார்க்கட்டும். ஆட்டுக்குப் போடுகிற இப்பில்-இப்பில் குழையைச் சத்து என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், குதிரைக்குப் பிடரியும் வாலும் கொட்டிவிடும். உப்பு நாளைக்கு 25 கிராம். அதிகம் வியர்க்கிற நாளில் இன்னும் கொஞ்சம். தண்ணீர் எந்நேரமும். குளிரில் வளர்ந்த குதிரை நம் வெயிலில் வியர்க்காமல் மூச்சிரைத்தால் அன்றைய சவாரியை அங்கேயே நிறுத்துங்கள், அது ஆபத்தின் அறிகுறி.

வயிறு காலியாகாத குதிரைக்கு வாளியின் பெறுமதி தானாகக் குறையும். ஆனாலும் பாயப் பழகிவிட்டது. அதனால் கொஞ்சக் காலம் வாளியோடு உள்ளே போகாதீர்கள். வேலிக்கு வெளியே நின்று, குதிரை பின்னால் ஓரடி வைத்துக் காதை முன்னால் கொண்டுவரும்வரை வாளியைக் கீழே வைக்காமல் பொறுங்கள். வந்த கணமே வையுங்கள். காது மடிந்திருக்கும்போது வாளியை எறிந்துவிட்டு ஓடினால், பாய்ந்தால் கிடைக்கும் என்று நீங்களே சொல்லிக்கொடுத்ததாகும். பெட்டைக்கு அதன் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள்.

வலியெல்லாம் பார்த்து, புண் ஆறிய பிறகு வாருக்கு வாருங்கள். அதுவரை சேணமே வேண்டாம். பிறகு கட்டும்போது குதிரையைக் குட்டையாக இறுக்கிக் கட்டாதீர்கள். தப்ப வழியில்லை என்று தெரிந்தால் பயத்தில் இன்னும் வேகமாகக் கடிக்கும். ஒருவர் தலைக்கயிற்றைப் பிடிக்கட்டும். நீங்கள் இடது தோளோடு ஒட்டி, வாலைப் பார்த்து நில்லுங்கள்; குதிரையின் தலைப்பக்கத்து முழங்கை சற்று மடங்கி வெளியே நிற்கட்டும். அது திரும்பினால் தானாக வந்து முழங்கையில் முட்டும். நீங்கள் கையை வீச வேண்டாம், சத்தமும் வேண்டாம். வார் முன்காலின் மேல்மூட்டுக்கு நாலு விரல் பின்னால் இருக்க வேண்டும். முதலில் சேணம் நழுவாத அளவுக்கு மட்டும் மாட்டி இருபது அடி நடத்துங்கள். பிறகு ஒரு ஓட்டை. இரண்டு முன்கால்களையும் ஒவ்வொன்றாக முன்னால் தூக்கி நீட்டிவிடுங்கள், வாருக்கடியில் மடிந்த தோல் வெளியே வரும். இன்னும் கொஞ்சம் நடை, பிறகு கடைசி ஓட்டை. இரண்டு விரல் நுழைய இடம் இருக்க வேண்டும். மூன்று நிமிடம் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான்.

சட்டைக் கை விஷயம். இதற்குக் காரணம் கையால் சாப்பாடு கொடுப்பது. நீங்கள் கொடுக்காவிட்டாலும் கடற்கரையில் பாணும் பிஸ்கட்டும் கரட்டும் நீட்டாத பிள்ளை இல்லை. கை சாப்பாடு தருகிற இடம் என்று குதிரைக்குப் பதிந்துவிட்டது. தராத கையை இழுத்துக் கேட்கிறது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரு பலகை வையுங்கள். கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் தட்டில் போடட்டும், நீங்கள் பிறகு வாளியில் வைக்கலாம். மூக்கைத் தடவி விளையாடுவதையும் எல்லாரும் நிறுத்த வேண்டும். குதிரைக்கு மூக்கு நுனிக்கு நேர் கீழே கண் தெரியாது, அங்கே அசைகிறதை உதட்டாலும் பல்லாலும்தான் பார்க்கும்.

மூன்று மீற்றர் கயிறு எடுங்கள். வாய்க்குப் பக்கத்தில் இறுக்கிப் பிடிக்காமல் தாடைக்குக் கீழே 40 சென்ரிமீற்றர் விட்டுத் தளர்வாகப் பிடித்துத் தோளருகே நில்லுங்கள். மூக்கு நேராக முன்னால் இருக்கும்போது பிடரி முடிகிற மேட்டில் விரலால் சொறியுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று சொறிகிற இடம் அது. அங்கே சொறிந்தால் அதன் இதயத் துடிப்பே குறையும். மூக்கு உங்கள் பக்கம் அசையத் தொடங்கியதும், பல் வருமுன், சொறிவதை நிறுத்திக் கயிற்றால் இரண்டடி பின்னால் போகச் சொல்லுங்கள். போனதும் கயிற்றைத் தளர்த்துங்கள். ஒரு வினாடிக்குள் நடக்க வேண்டியது இது. பிந்தினால் எதற்காக என்று அதற்குப் புரியாது. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று தடவை. முதல் சில நாள் கடி கூடும். இதுவரை பலித்தது பலிக்கவில்லை என்றதும் இன்னும் பலமாக முயன்று பார்க்கும். பலர் இந்த இடத்தில்தான் கைவிட்டு அடியில் இறங்குகிறார்கள். அந்த நாட்களில் தடித்த நீளக்கைச் சட்டை போடுங்கள். கடற்கரைக்குக் கொண்டுபோகத்தான் வேண்டுமென்றால், தண்ணீர் குடிக்கக்கூடிய வாய்க்கூடு ஒன்று போடலாம். சாப்பாட்டுக்குக் கழற்ற வேண்டும், நாள் முழுக்க மாட்டிவைக்கக் கூடாது. கூட வேலைசெய்கிற பொடியனும் இதே முறையைச் செய்யாவிட்டால் உங்கள் உழைப்பு வீண்.

அந்த மூன்று ஆலோசனைகளுக்கும் பதில் இதற்குள் வந்துவிட்டது, ஆனாலும் வெளிப்படையாகச் சொல்கிறேன். மூக்கில் அடித்தால் கடிக்காமல் விடாது. கடித்துவிட்டு வேகமாகத் தலையை இழுக்கப் பழகும், முகத்தில் காட்டுகிற எச்சரிக்கையை விட்டுவிடும். பிறகு கடிவாளம் போடவும் மருந்து ஊற்றவும் தலையைத் தொட விடாது. இளம் ஆண் குதிரைகள் ஒன்றையொன்று கடித்துத்தான் விளையாடும். நீங்கள் திருப்பிக் கடித்தால் விளையாட்டுக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும். சுடச்சுட வைக்கிற கிழங்கு வாயைப் பொசுக்கும். அது கொடுமை, யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

கடைசியாக, இதை நலமடிக்க வேண்டும் என்பதே என் கருத்து. குட்டி எடுக்கும் எண்ணம் இல்லாமல், பெட்டையோடு சேர்த்து, பிள்ளைகள் நடுவில் ஒரு முழு ஆண் குதிரையை வேலைசெய்ய வைப்பது சரியில்லை. பெட்டைக்கு 21 நாளுக்கு ஒருமுறை வேட்கை வரும், ஐந்தாறு நாள் நிற்கும். கடித்த நாட்களைக் கலண்டரில் குறித்துப் பாருங்கள், அவை சேர்ந்து வருவது தெரியலாம். மாரிமழையும் சேறும் தொடங்குமுன் செய்வது நல்லது. ஏற்புநோய்த் தடுப்பு முக்கியம். அடுத்த நாளிலிருந்து வைத்தியர் சொல்கிற அளவு நடத்தினால் வீக்கம் வடியும். குணம் மாறச் சில கிழமைகள் எடுக்கும். அதுவரை பெட்டையிலிருந்து பிரித்து வையுங்கள், ஆனால் ஒன்றையொன்று பார்க்கக்கூடிய தூரத்தில். பழகிப்போன கடி நலமடித்ததால் மட்டும் மறையாது, மேலே சொன்ன பயிற்சி தொடர வேண்டும்.

விற்பதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். வலியும் பசியும் தீர்ந்த ஒரு குதிரை எப்படி நடந்துகொள்ளும் என்று உங்களுக்கே இன்னும் தெரியாது. புல்லும் தவிடும் சரியாகி இரண்டு மாதம் போகட்டும். அதற்குப் பிறகும் விற்கத்தான் வேண்டுமென்றால், கடிக்கும் என்பதையும் எப்போது கடிக்கும் என்பதையும் வாங்குகிறவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள். வைத்தியரை அழைக்கும்போது எடைக் கணக்கு, சாப்பாட்டு அளவு, கடித்த நாள் நேரம், சேணத்தை எடுத்தவுடன் முதுகைப் பிடித்த ஒரு படம் ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். உள்ளூர் அலுவலகத்தில் பல்லுக்கோ இரைப்பைக்கோ வசதி இல்லையென்றால், பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தோடு பேசித் தரும்படி அவரிடமே கேளுங்கள்.